ஸ்காட்ச் வரி குறையுது, சரி... காடாம்புலியூர் முந்திரிப்பழத்துக்கு என்ன வழி?

இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனில் கையெழுத்தானது. துணி, தோல், கார், மருந்து என்று பக்கம் பக்கமாக விஷயம் இருக்கும் அந்த ஒப்பந்தத்தில், பலருக்கும் நினைவில் நின்றது ஒரே ஒரு செய்திதான்: ஸ்காட்ச் விஸ்கிக்கு வரி பாதியாகிறது.

அதே ஒப்பந்தத்தையொட்டி மத்திய அரசுத் தரப்பில் இன்னொன்றும் சொல்லப்பட்டது. கோவாவின் ஃபெனி, நாசிக் ஒயின், கேரளத்துக் கள் ஆகியவற்றுக்கு பிரிட்டன் சந்தையின் கதவு திறக்கும் என்பதுதான் அது. இதை இங்கே பெரிதாக யாரும் பேசவில்லை. ஃபெனி என்பது முந்திரிப்பழத்தில் காய்ச்சுவது. முந்திரி என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது பண்ருட்டி வட்டாரம். பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் சாலையில் இருக்கும் காடாம்புலியூர் அந்த வியாபாரத்தின் முக்கியமான ஊர்களில் ஒன்று. ஆனால் அந்த ஊர்ப் பழம் இந்தப் பட்டியலில் இல்லை.

ஸ்காட்லாந்தில் ஒரு சின்னத் தீவு, தன் மண்ணின் பெயரை வைத்தே உலகம் முழுக்க விற்கிறது. நம்ம ஊரில் கொட்டையைத் திருகி எடுத்த பிறகு பழம் மரத்தடியிலேயே கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்னதான் இருக்கிறது?

முதலில் விலைக் கணக்கு

இறக்குமதியாகும் ஸ்காட்சுக்கு ஒப்பந்தத்துக்கு முன் 150 சதவீத சுங்க வரி. 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு இது 50 சதவீத அடிப்படை வரி, 100 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்று பிரிக்கப்பட்டாலும் கூட்டுத்தொகை அதேதான். ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளில் இது 75 சதவீதமாகும். பிறகு படிப்படியாகக் குறைந்து பத்தாவது ஆண்டில் 40 சதவீதத்துக்கு வரும்.

துறைமுகத்துக்கு வந்து சேரும்போது 1,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்வோம். பழைய வரியோடு சேர்த்தால் 2,500 ரூபாய். 75 சதவீதம் என்றால் 1,750 ரூபாய். 40 சதவீதம் என்றால் 1,400 ரூபாய். அதாவது, வரி பாதியாகிறது. விலை பாதியாகவில்லை. இதற்கு மேல்தான் மாநில அரசின் ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் ஏறும். குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்குள் வராது என்பதால் இந்த வரிகளை ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு வைக்கலாம். டெல்லியில் போடும் கையெழுத்தின் பலன் டாஸ்மாக் எலைட் கடைக்கு வந்து சேருமா என்பது சென்னையில் முடிவாகிற விஷயம்.

இன்னொரு விஷயமும் இருக்கு. 2024-ல் எண்ணிக்கைப்படி ஸ்காட்சை அதிகம் வாங்கிய நாடு இந்தியாதான். சுமார் 19.2 கோடி பாட்டில். ஆனால் இதில் பெரும்பகுதி, கடையில் 'ஸ்காட்ச்' என்று பெயர் போட்டு விற்கும் பாட்டில் இல்லை. மொத்தமாக வந்து, இங்கே பாட்டிலில் அடைக்கப்படுகிறது அல்லது இந்திய விஸ்கியில் கலக்கப்படுகிறது. அதனால் வரிக்குறைப்பில் முதலில் மூச்சு விடப்போவது மது கம்பெனிகளின் கணக்குப் பிரிவு. குடிப்பவரின் பாக்கெட்டுக்கு என்ன வரும் என்பது அப்புறம்.

சிங்கிள் மால்ட்னா என்ன? தீவுக்கு ஏன் இந்த மவுசு?

'சிங்கிள்' என்பதை ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே ஆலை என்று அர்த்தம். 'மால்ட்' என்றால் முளைகட்டிய பார்லி. முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் இந்த மூன்றை மட்டும் வைத்து, ஒரே ஆலையில், செம்பு வாலைகளில் காய்ச்சி எடுப்பதுதான் சிங்கிள் மால்ட். பல ஆலைகளின் சரக்கையும் வேறு தானிய விஸ்கியையும் கலந்தால் அது பிளெண்டட். நம்ம ஊரில் பெயர் தெரிந்த ஸ்காட்சுகளில் பெரும்பாலானவை பிளெண்டட் வகைதான்.

இதில் தனி ரசிகர் கூட்டம் வைத்திருப்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஐலா தீவு. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஐஸ்லே' என்று படித்தால் அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். மக்கள்தொகை சுமார் 3,000. நம்ம பக்கத்தில் ஒரு பெரிய கிராமத்துக்குச் சமம். ஆனால் அங்கே அர்ட்பெக், லகவூலின், போமோர், புருக்லாடி என்று பத்துக்குப் பக்கமாக ஆலைகள். போமோர் 1779-லிருந்து இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. 1983-ல் மூடப்பட்ட போர்ட் எலன் ஆலை 2024-ல் மறுபடி திறந்தது.

பழைய முறையை இன்னும் முழுசாக விடாத ஆலைகளில் ஒன்று 1815-ல் தொடங்கிய லஃப்ராய்க். பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி, ஆட்களை வைத்துப் புரட்டிப் புரட்டி முளைவிடச் செய்வார்கள். இன்று பெரும்பாலான ஆலைகள் இந்த வேலையை வெளியே கொடுத்துவிட்டு முளைத்த பார்லியை வாங்கிக்கொள்கின்றன. லஃப்ராய்க்கும் தேவையில் ஒரு பகுதியைத்தான் சொந்தத் தரையில் செய்கிறது. ஆனால் செய்கிறது.

முளைத்த பார்லியைக் காயவைக்க வேண்டும். இங்கேதான் தீவு உள்ளே வருகிறது. ஐலாவில் விறகுக்கு மரம் அதிகம் இல்லை. சதுப்பில் செடிகொடிகள் மட்கிச் சேர்ந்த 'பீட்' என்ற கரிமண்தான் காலகாலமாக அங்கே எரிபொருள். அதை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் பார்லியை வாட்டுவார்கள். புகை பார்லியில் ஏறி, அங்கிருந்து சாராயத்தில் ஏறி, பத்து வருஷம் கழித்துத் திறக்கும் பாட்டிலிலும் அப்படியே இருக்கும்.

நெய்வேலிப் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்குவது சுலபம். என்.எல்.சி சுரங்கத்தில் தோண்டுகிற பழுப்பு நிலக்கரிக்கு முந்தைய நிலைதான் பீட். தாவரம் மட்கினால் பீட். அது மண்ணுக்கடியில் லட்சக்கணக்கான ஆண்டுகள் அழுத்தத்தில் கிடந்தால் பழுப்பு நிலக்கரி. இன்னும் அழுந்தினால் கருநிலக்கரி. ஒருவகையில் ஐலாவும் நெய்வேலியும் ஒன்றுவிட்ட சொந்தம். அங்கே மண்வெட்டியால் வெட்டி விஸ்கிக்கு வாசம் ஏற்றுகிறார்கள். இங்கே ராட்சத இயந்திரத்தால் வெட்டிக் கரண்ட் எடுக்கிறோம்.

காய்ந்த பார்லியை அரைத்து, வெந்நீரில் கலக்கி, இனிப்புத் தண்ணீரை இறக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, செம்பு வாலையில் இரண்டு தடவை காய்ச்சுவார்கள். வெளியே வருவது தண்ணீர் மாதிரி நிறமில்லாத சரக்கு. பிறகு அமெரிக்காவில் போர்பன் வைத்திருந்த ஓக் பீப்பாய்களில் அடைப்பார்கள். நிறமும் ருசியில் பாதியும் அந்த மரம் தருவது. லஃப்ராய்க்கின் அடிப்படை சரக்கு பத்து ஆண்டு மால்ட். 2004-ல் வந்த 'குவார்ட்டர் காஸ்க்' வகையில் கடைசிக் கட்டத்துக்குச் சின்ன பீப்பாய். பீப்பாய் சிறுத்தால் சரக்கில் மரம் படுவது கூடும்.

இதன் வாசம் எல்லோருக்கும் ஒத்துவராது. அயோடின், ஆஸ்பத்திரி வராந்தா என்றெல்லாம் வர்ணிப்பார்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் இதை 'மருந்து' என்ற பெயரில் உள்ளே கொண்டுபோனதாக ஒரு கதையும் உண்டு. மோந்து பார்த்த அதிகாரி நம்பியிருக்க வாய்ப்பிருக்கு.

ஆலையின் சரித்திரத்தில் ஒரு பெண்ணின் பெயர் தனியாக நிற்கிறது. பெசி வில்லியம்சன். கிளாஸ்கோவில் பட்டம் படித்துவிட்டு, 1934-ல் கோடைக்கால டைப்பிஸ்ட் வேலைக்காகத் தீவுக்கு வந்தவர். திரும்பிப் போகவே இல்லை. வாரிசு இல்லாத முதலாளி இயன் ஹன்டர் 1954-ல் இறந்தபோது ஆலை இவர் கைக்கு வந்தது. 1972 வரை பொறுப்பில் இருந்தார். இன்று அந்த ஆலை ஜப்பானின் சன்டோரி குழுமத்தின் கையில். முதலாளி ஒசாகாவில் இருந்தாலும் ஆலையை ஜப்பானுக்குத் தூக்கிப் போக முடியாது. காரணம், சட்டம்.

பெயருக்குப் பின்னால் நிற்கும் சட்டம்

பிரிட்டனின் 2009-ம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி விதிகள் இப்படிச் சொல்கின்றன: ஸ்காட்லாந்திலேயே காய்ச்ச வேண்டும். 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே, குறைந்தது மூன்று ஆண்டு ஊற வேண்டும். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சிங்கிள் மால்ட் என்றால் பாட்டிலில் அடைப்பதும் அங்கேயேதான் நடக்க வேண்டும். 'ஐலா' என்ற பெயரும் தனியாகப் பாதுகாக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், ஸ்கை, ஜூரா, ஆர்க்னி போன்ற மற்றத் தீவுகளின் விஸ்கியை எல்லோரும் 'தீவு விஸ்கி' என்று அழைத்தாலும் சட்டத்தில் அப்படி ஒரு பகுதியே கிடையாது. அவை 'ஹைலேண்ட்' கணக்கில் போகின்றன.

இந்தப் பெயரைக் காக்க அவர்கள் பெங்களூரு வரை வந்திருக்கிறார்கள். கோடேஸ் நிறுவனத்தின் 'பீட்டர் ஸ்காட்' விஸ்கியின் பெயரை எதிர்த்து ஸ்காட்ச் விஸ்கி சங்கம் தொடர்ந்த வழக்கு, இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008-ல் கோடேஸ் ஜெயித்தது. பெயர் பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கும்போது இவ்வளவு தாமதமாக வந்து ஆட்சேபிப்பதா என்பது தீர்ப்பின் முக்கியமான அம்சம். தோற்றார்கள்தான். ஆனால் ஒரு ஊர்ப் பெயரின் சாயலுக்காக இருபது வருஷம் கோர்ட் படி ஏறினார்கள் பாருங்கள், அதுதான் அந்தப் பெயரின் விலை.

வெயில் ஊரிலும் விஸ்கி

குளிர் தேசத்துச் சமாச்சாரம், இங்கே வராது என்றுதான் ரொம்ப நாள் நினைப்பு. இந்திய விஸ்கி என்று விற்றதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட். காடாம்புலியூரிலிருந்து அதிக தூரமில்லாத நெல்லிக்குப்பத்தில் 19-ம் நூற்றாண்டிலிருந்தே சர்க்கரை ஆலை இருக்கிறது என்பதால் இந்த மொலாசஸ் வாடை நம்ம மாவட்டத்துக்குப் புதுசு இல்லை.

இந்த நினைப்பை முதலில் உடைத்தது பெங்களூருவின் அம்ருத். 1948-ல் தொடங்கிய நிறுவனம். தன் சிங்கிள் மால்ட்டை 2004-ல் அறிமுகம் செய்தது எங்கே தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். திருநெல்வேலிக்கே போய் அல்வாக் கடை போட்ட கதை. 2010-ல் விஸ்கி எழுத்தாளர் ஜிம் மர்ரே தன் கையேட்டில் அம்ருத் ஃபியூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுத, அதுவரை சிரித்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஃபியூஷன் என்ற பெயருக்குக் காரணம், இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்தின் பீட் புகை ஏறிய பார்லியும் சேர்வது. கோவாவில் பால் ஜான் 2012-ல் வந்தது. அதுவும் தன் புகை வகைகளுக்கு ஐலாவின் பீட்டைப் பயன்படுத்துகிறது. பிறகு ராம்பூர், இந்த்ரி என்று வரிசை கட்டின.

வெயில் இங்கே இரண்டு வேலை செய்கிறது. பீப்பாயில் இருக்கும் சரக்கு வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகும். இதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம். பெங்களூருவில் 10 சதவீதத்துக்கு மேல். பத்து வருஷம் வைத்தால் பீப்பாயில் மிச்சம் பாதிகூட இருக்காது. அதே வெயில் மரத்தின் சாரத்தையும் வேகமாக இறக்குவதால், அங்கே பத்து வருஷத்தில் வரும் பக்குவம் இங்கே நான்கைந்து வருஷத்திலேயே வந்துவிடுகிறது என்கிறார்கள். அம்ருத் தன் பழைய சரக்கு ஒன்றுக்கு 'பேராசைத் தேவதைகள்' என்றே பெயர் வைத்தது.

ஆனால் கவனிக்க வேண்டியது இதுதான்: அம்ருத்தும் பால் ஜானும் ஜெயித்தது ஸ்காட்லாந்தின் இலக்கணத்தில். பார்லி, பீட், ஓக் எல்லாமே அவர்கள் வகுத்தது. நம்ம மண்ணில் விளைந்ததை, நம்ம பெயரில் காய்ச்சியதை உலகம் எங்கே மதிக்கிறது என்று தேடினால், பதில் பால் ஜான் இருக்கும் அதே கோவாவில் கிடைக்கிறது.

கோவா செய்தது என்ன?

முந்திரி நம்ம மரமே இல்லை. பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர்கள் 16-ம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. கோவாக்காரர்கள் அதன் பழத்தை மிதித்துப் பிழிந்து, புளிக்கவைத்து, காய்ச்சினார்கள். முதல் காய்ச்சலில் வரும் லேசான சரக்கு உர்ராக். அதைப் புதிய சாறோடு சேர்த்து மறுபடி காய்ச்சினால் ஃபெனி. பெரிய ஆலை கிடையாது. ஊருக்குள் தோப்பை ஒட்டிய சின்னச் சின்ன பட்டிகளில்தான் எல்லாம்.

ரொம்ப நாள் சட்டத்தின் கண்ணில் அது வெறும் 'நாட்டுச் சாராயம்'. 2009-ல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு வாங்கினார்கள். 2016-ல் மாநில அரசு சட்டத்தைத் திருத்தி அதைப் பாரம்பரிய பானமாக அறிவித்தது. சாராயம் என்ற பெயர் போனது. இப்போது பிரிட்டன் ஒப்பந்தத்தின் பேச்சில் அதன் பெயர் வருகிறது என்றால், அந்த இரண்டு படிகளும் முன்னாலேயே ஏறியிருந்ததால்தான். கேரளாவும் சும்மா இல்லை. கண்ணூரில் முந்திரிப்பழத்தில் ஃபெனி காய்ச்ச பய்யாவூர் கூட்டுறவு வங்கிக்கு 2022-ல் அம்மாநில அரசு அனுமதி கொடுத்தது. கவனிங்க, தனியார் மது கம்பெனிக்கு இல்லை, கூட்டுறவு வங்கிக்கு.

காடாம்புலியூர்ல என்ன நடக்குது?

பண்ருட்டி முந்திரிக்கும் பலாப்பழத்துக்கும் 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷமான செய்திதான். ஆனால் இங்கே பெயரும் விலையும் பருப்புக்குத்தான்.

பழத்தின் எடை கொட்டையைப் போல பல மடங்கு. மாசி, பங்குனியில் தோப்புக்குள் போனால் சிவப்பும் மஞ்சளுமாகக் கீழே கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துச் சாக்கில் போடுவார்கள். பழத்தைக் குழந்தைகள் உப்பு தொட்டுச் சாப்பிடும், மாடு தின்னும், மிச்சம் மண்ணுக்கு. பறித்த பழம் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு வேறு. சட்டென்று எதுவும் செய்யாவிட்டால் வீண்.

இதற்கு நடுவில் 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயலையும் மறக்க முடியாது. ஒரே ராத்திரியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பீப்பாயைத் திறக்க பத்து வருஷம் காத்திருக்கும் ஸ்காட்லாந்துக்காரர் கதையைக் கேட்டு வியக்கிறோம். புயலுக்குப் பிறகு கன்று நட்டுவிட்டு, அது பழையபடி காய்க்கும்வரை காத்திருந்த பண்ருட்டி விவசாயியின் பொறுமைக்கு மட்டும் யாரும் லேபிள் ஒட்டவில்லை.

சரி, காய்ச்சலாமே என்றால், முடியாது. 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் எதையும் புளிக்கவைத்துக் காய்ச்சுவது குற்றம். 1987 தொடக்கத்திலிருந்து கள் இறக்கவும் தடை. சட்டப்படி இங்கே கிடைப்பது டாஸ்மாக் வழியாக வரும் சரக்கு மட்டும்தான். 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய்.

அப்போ அனுமதிக்கணுமா?

ஆமாம் என்று உடனே சொல்லிவிட முடியாது. காரணம், கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் மரக்காணம். இரண்டுமே கடலூரை ஒட்டிய மாவட்டங்களில் நடந்தவை. அதன் பிறகு சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். 'ஊருக்கு ஊர் பட்டி' என்ற வார்த்தையைக் கேட்டாலே இந்தப் பக்கத்துப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள சர்வே எதுவும் தேவையில்லை.

ஆனால் இந்த பயத்தை நியாயம் என்று ஏற்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கு. கள்ளக்குறிச்சியில் கொன்றது பழமோ கள்ளோ இல்லை, தொழிற்சாலை மெத்தனால். மது கேடு என்பது அரசின் நிலைப்பாடு என்றால், அது மொலாசஸ் மதுவுக்கும் பொருந்த வேண்டும். கரும்பு ஆலைக்கழிவில் எடுத்ததை அரசே கடை வைத்து விற்கலாம், ஐலாவிலிருந்து வந்ததை ஏ.சி போட்ட எலைட் கடையில் அடுக்கலாம், முந்திரிப்பழமும் பனையும் மட்டும் ஆகாது என்றால், இது மதுவைப் பற்றிய கொள்கையாகத் தெரியவில்லை. யார் காய்ச்சலாம் என்பதைப் பற்றிய கொள்கையாகத்தான் தெரிகிறது.

காய்ச்சாத வழியும் இருக்கு. பழச்சாற்றில் கஞ்சியோ ஜவ்வரிசிக் கூழோ கலந்து துவர்ப்பை இறக்கி சிரப், ஜாம் செய்யும் முறைகள் பல வருஷமாகவே தெரிந்தவை. விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வி.ஆர்.ஐ 3 முந்திரி ரகம் அங்கிருந்து வந்ததுதான். இடறுவது தொழில்நுட்பத்தில் இல்லை, நேரத்தில். பழம் விழுந்த சில மணி நேரத்துக்குள் தோப்பிலிருந்து எடுத்து, பிழிந்து, குளிரில் வைக்க வேண்டும். காடாம்புலியூரில் பருப்பு உடைக்கும் கூடங்கள் நிறைய. அவற்றுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை வாங்கி, சேர்த்துவைத்து, உடைத்து, தரம் பிரித்து விற்கும் வலையமைப்பு கச்சிதமாக இருக்கிறது. பக்கத்துத் தோப்பின் பழத்தை அன்றே வாங்க அப்படி எதுவும் இல்லை.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் ஸ்காட்சுக்கான வரி ஒவ்வொரு கட்டமாக இறங்கும். அதற்கான தேதி வாரியான அட்டவணை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. முந்திரிப்பழத்துக்கு கண்ணூர் மாதிரி கூட்டுறவு அமைப்பு ஒன்றில் சோதனை முயற்சியா, சாறு ஆலையா, குளிர்பதனக் கிடங்கா என்று எதை எடுத்தாலும் மதுவிலக்கு, வேளாண்மை, கூட்டுறவு ஆகிய மூன்று துறைகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அடுத்த பழம் மாசியில் விழத் தொடங்கும்.